மாப்பிள்ளையின் கட்டில் போன தூரம்

கடிகாரம் பழுதுபார்க்கும் மாப்பிள்ளை, கல்யாணமாகி மாமனார் வீட்டோடு வந்த முதல் மழைக்காலத்தில், குளிர்காய்ச்சலில் நடுங்கிய நடுக்கத்தில் அவர் படுத்திருந்த கட்டில் நடக்க ஆரம்பித்து, வாசலைத் தாண்டிப் பேருந்து நிலையம்வரை போனது. ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அங்கே எல்லாருடைய கட்டிலும் சின்ன வயதில் தெருவைப் பார்த்ததுதான். திரும்பி வராத கட்டில்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். தப்பித்தவர்களுக்கு, கொசு கடித்துக் கடித்து, காய்ச்சல் வந்து வந்து உடம்பு பழகிவிடும். பெரியவர்களான பிறகு ரத்தத்தில் கிருமி சௌகரியமாகக் குடியிருந்தாலும் லேசான தலைவலிக்கு மேல் ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளையோ கொசுவே இல்லாத மேட்டு ஊர்க்காரர். பாவம், அவருக்கு இது எல்லாமே புதுசு.

ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நடுக்கம் வரும். கம்பவுண்டர் மாத்திரை கொடுப்பார், கட்டில் நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பும். மாமனார் அதை ஜன்னலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். ஜன்னலும் கூடப் போனது. பேருந்து நிலையத்தில் நடத்துனர் கறாராக, “கட்டிலுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தாதான் ஏத்துவேன்” என்றார்.

“நான் எங்கய்யா போறேன்னு சொன்னேன், அதுதான் போகுது” என்று போர்வைக்குள்ளிருந்து பல் தந்தியடிக்கச் சொன்னார் மாப்பிள்ளை. கூடவே நடந்து வந்திருந்த மனைவி சிரித்தாள். அவருக்கு மானமே போய்விட்டது.

அந்த நாட்களில் அவர் கைபட்ட கடிகாரங்களெல்லாம் தலைதெறிக்க ஓடின. அலுவலகங்கள் மத்தியானமே மூடின. யாரும் புகார் சொல்லவில்லை. வருடங்கள் போகப் போகக் கட்டில் மாவு மில்லோடு நின்றது, அப்புறம் சலூனோடு, அப்புறம் வாசற்படியோடு. கடைசியில் ஒரு கால் மட்டும் தரையைத் தட்டியது. “இனிமே நீங்க நம்ம ஊர் ஆளு மாப்பிள்ளை” என்று மாமியார் பூரித்துப்போனார்.

பூரித்த வேகத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதே நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, சொந்த ஊரில் கடை பார்த்துவிட்டேன், வா என்று ஆள் அனுப்பினார். மனைவியால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஆறே மாதம் என்று சொல்லிப் போனவர் மூன்று வருடம் அங்கேயே கிடந்தார். அங்கே கட்டில் ஆடாமல் அசையாமல் இருந்தது. அவருக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் முடியாது என்று கடையை மூடிவிட்டு வந்துசேர்ந்தார்.

ஆனால் பழகிய காய்ச்சலை உடம்பு அதற்குள் மறந்திருந்தது. முதல் மழையிலேயே கட்டில் பழைய வேகத்தில் பேருந்து நிலையத்தைப் பார்த்துக் கிளம்பியது. மனைவி அலறியடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

“நான் போகலடி, சத்தியமா கட்டில்தான் போகுது.”

“போன தடவையும் இப்படித்தான் ஏதோ சொல்லிட்டுப் போனீங்க. வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு” என்றவள், கால்மாட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. பேருந்து போனது, இருவரும் போகவில்லை. வியர்வை விட்டதும் வீடு திரும்பினார்கள்.

அதிலிருந்து மழைக்காலத்தில் இருவரும் கட்டிலிலேயே ஊரைச் சுற்றினார்கள். எதிரே வருபவர்கள் வழிவிட்டுக் காய்கறி விலை விசாரித்துப் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் குறைந்து, கட்டில் மறுபடியும் வாசற்படியோடு நின்ற வருடம், தலைவாரிப் புதுச் சேலை கட்டி ஏறியிருந்த மனைவிக்கு முகம் வாடிவிட்டது.

“கொஞ்சம் நல்லாத்தான் நடுங்குங்களேன்” என்றாள்.

அவரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவளுக்காக, தெருமுனைவரைக்கும் நடுங்கினார்.