ரெட்டைப் பசங்க

பத்து ரூபாய் கப் கேக்கையும் ஒரு மெழுகுவத்தியையும் பையில் வைத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறினேன். பில்கிஸ் அக்கா மூன்று மாதத் தவணை பாக்கி. இன்று நான் வெறுங்கையோடு திரும்பினால் திங்கட்கிழமை வண்டி அனுப்பி மிஷினைத் தூக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஆம்பூரில் தையல் மிஷின் கடையில் எனக்கு வசூல் வேலை. ஆறு மணிக்கு டேலி கணக்கு வகுப்பு. வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில், யாரிடம் எந்த ஜோக் எடுபட்டது என்று எண் போட்டு எழுதி வைப்பேன். "முதலாளி உங்க போட்டோவ சாமி ரூம்ல மாட்டிட்டாரு, நேர்ல எப்போ தரிசனம்னு கேக்குறாரு" என்றதும், தவணை பாக்கி வைத்திருந்த ஜோஸ் அண்ணன் சிரித்தபடியே சட்டைப்பையைத் தொட்டார். அது நோட்டில் பன்னிரண்டாவது ஜோக். கறாராகக் கேட்க எனக்கு வராது. அது நல்ல குணமா, வெறும் பயமா என்று இன்னும் தெரியவில்லை.

பில்கிஸ் அக்கா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைப்பவர். போன வருஷம் இதே வாரத்தில்தான் மிஷினும் வந்தது, மகனும் பிறந்தான். "எனக்கு ரெட்டைப் பசங்க" என்று அவரேதான் சொல்லிச் சிரிப்பார். மிஷினுக்குப் பக்கத்தில் தூளி. அதன் கயிற்றை இடது கால் கட்டைவிரலில் மாட்டியிருப்பார். வலது கால் பெடலை மிதிக்கும். இடது கால் மகனை ஆட்டும். மூன்று மாதமாக நான் அங்கே போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஜோக் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எதற்கும் பதில் வரவில்லை.

வாசலிலேயே மெழுகுவத்தியைக் கேக்கில் குத்தி ஏற்றிவிட்டேன்.

"ரெட்டைப் பசங்களுக்கு ஹேப்பி பர்த்டேக்கா. அதுல ஒருத்தன்தான் மூணு மாசமா துட்டு குடுக்க மாட்டேன்றான்."

அக்கா சிரித்தார். பழக்கத்தில் வந்த சிரிப்பு. வந்த சிரிப்பு போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. அப்போதுதான் உத்தரத்தைப் பார்த்தேன். தூளி தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது.

காய்ச்சல் என்றார். நான்கே நாள். அதன்பிறகு ரொம்ப நாள் மிஷினில் உட்கார முடியவில்லையாம்.

நான் மெழுகுவத்தியை அணைக்கப் போனேன். அவர் கேக்கை என் கையிலிருந்து வாங்கி, எரிகிறபடியே மிஷின் மேசையில் வைத்தார்.

"ஒருத்தன் போய்ட்டான்மா. இவனையாவது உட்டு வைக்கச் சொல்லு."

சனிக்கிழமை கூலி வந்ததும் பாதியாவது தருவதாகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார். நான் தலையாட்டினேன். மெழுகு கேக்கின் மேல் வழிந்துகொண்டிருந்தது. அவருடைய வலது கால் பெடலில் இருந்தது. இடது கால், கயிறில்லாமல், முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.