பாமாவை உட்கார வைப்பது

சத்தியபாமாவுக்கு மறுபடி இருமல் வந்தது. மல்லாந்து கிடந்தவளுக்குச் சளி தொண்டையிலேயே நின்றது.

"யப்பா, உக்கார வையி."

கிட்டு வாசலைப் பார்த்தான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சீனித்தாய், மழைக்கு ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அவன் வரவும் மாட்டை அவிழ்க்கக் காட்டுக்குப் போய்விட்டாள். பெண்டாட்டி ஆவுடைத்தாய் இன்னும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரவில்லை. மழை பெய்தால் வேன்காரன் கயத்தாறு ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். அங்கிருந்து கரிசலில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து வருவதற்குள் பொழுது அடைந்துவிடும்.

"அம்மா இந்தா வந்துருவா, தாயி."

"மூச்சு முட்டுதுப்பா."

ஆடிக்குப் பிறகு கிட்டு மகளைத் தொட்டதில்லை. பிறந்ததிலிருந்தே கைகாலில் விறைப்புள்ள பிள்ளை. எட்டு வயதாகியும் தானாகப் புரண்டு எழ வராது. ஆட்டுக்குட்டியை முன்னங்காலைப் பிடித்து வெடுக்கென்று தூக்கிப் பழகிய கை அவனுடையது. குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது, உதறிக்கொண்டு தாயிடம் ஓடும். அதே பழக்கத்தில் ஆடியில் ஒருநாள் பாமாவையும் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். இடது தோள்மூட்டு இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன்பிறகு ஆட்டுக்கிடை போட்ட காட்டிலேயே படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தாலும் தள்ளியே நின்றான். ஊர் ஆட்டையெல்லாம் மேய்ப்பவனுக்குப் பெற்ற பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை என்றால் அவன் என்ன மனுசன்!

பாமாவின் உதடு கறுத்தது. கிட்டு பாயருகே மண்டியிட்டான். கை தன்னாலே அவள் மணிக்கட்டுக்குப் போனது. பாமா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டது.

தன் பிள்ளை தன்னைக் கண்டு பயப்படுகிறது. கையை எடுத்துக்கொண்டான்.

"எங்கன புடிக்கணும்? நீ சொல்லு, தாயி."

கோவில்பட்டி முகாமில் டாக்டரம்மா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை இருமலுக்கு நடுவே அப்படியே சொன்னாள் பாமா. "கைய இழுக்காத. முட்டிய மடக்கு. தோளுக்கடியில ஒரு கை, இடுப்புல ஒரு கை. நல்ல கைப்பக்கம் ஒருச்சாச்சுப் போடு."

முட்டி மடங்கவில்லை. அழுத்தப் போனான்.

"அமுக்காத. அதுவா விடும்."

கையை வைத்தபடி காத்திருந்தான். மெல்ல மெல்ல விறைப்பு தளர்ந்தது. ஒருக்களித்ததும் சளி வெளியே வந்தது. துண்டால் துடைத்துவிட்டான். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நா ஊனுதேன், நீ கூட வா" என்று வலது முழங்கையைப் பாயில் ஊன்றினாள். அவன் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எழும்ப எழும்ப முதுகோடு கையைக் கொண்டுபோனான். தூக்கவேயில்லை, கூடப் போனான், அவ்வளவுதான். பாமா உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடைத்தாய் வரும்போது இருட்டிவிட்டது. முழங்கால்வரை கரிசல். உள்ளே பார்த்ததும் பதறிப்போய், "விடுங்க, நா பாத்துக்கிடுதேன்" என்று குனிந்தாள்.

"ஈரத்தோட தொடாத, யம்மா" என்றாள் பாமா. "குளிருது. அப்பாவே இருக்கட்டும்."

ஆவுடைத்தாய் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். வெளியே பட்டியில் நனைந்த ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. கிட்டுவின் கை மரத்துப்போயிருந்தது. அவன் அசைக்கவில்லை. பாமா தன் முழுப் பாரத்தையும் அந்தக் கையின்மேல் விட்டிருந்தாள்.