தாஹரின் இடப்பக்கம்

"அப்ப கோபம் இல்லேங்கற."

"இல்லேன்னுதானே சொல்றேன்."

"பின்னே அந்தக் கறியை ஏன் தொடாம வச்சிருக்கே? நான் தள்ளி வச்சா கசக்குதா?"

தாஹர் கரண்டியை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை மதியம். நடுவில் ஒரே பெரிய தட்டில் கூஸ்கூஸ், ஆவியில் வெந்த கோதுமை ரவைச் சோறு. அவரவர் எதிரே உள்ள பங்கை அவரவர் உண்பார்கள். நல்ல கறித்துண்டைப் பிரியமானவர் பக்கம் தள்ளி வைப்பது அந்த வீட்டு வழக்கம். தள்ளியதைத் தொடாமல் விட்டால் மனதில் ஏதோ கசப்பு இருக்கிறது என்று பொருள். ஸுஹூர் தள்ளிய துண்டு அண்ணனின் பங்கில், சற்று இடப்பக்கமாக, ஆறிக் கிடந்தது. போன வாரமும் இப்படித்தான். "அண்ணனும் தங்கச்சியும் வெளியே போய் சண்டை போட்டுக்குங்க, என் சமையலைத் தண்டிக்காதீங்க" என்றாள் அவன் மனைவி ஃபத்தீஹா.

"எந்தக் கறி?" என்றான் தாஹர்.

ஃபத்தீஹா சிரித்தாள். ஸுஹூரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அவன் விளையாடவில்லை. அவன் பங்கின் வலது பாதி வழித்துத் துடைத்தாற்போல் காலியாக இருந்தது. இடது பாதி, கத்தியால் வெட்டிய சுவர் போல, அப்படியே நின்றது. அவள் தட்டை மெல்லத் திருப்பினாள். கறி கண்ணெதிரே வந்ததும், "அட, இதுவா" என்று எடுத்துத் தின்றான்.

அவன் டாக்சியின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிரே வந்தவன் குருடன் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். நேற்று அதே டாக்சியில் அவளைத் தொங்குபாலத்தின் வழியாக அழைத்து வந்திருந்தான். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும்; எதிரே வருபவையெல்லாம் இடப்பக்கம், கீழே பாதாளம். அவள் ஜன்னலில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

மூளையைப் படம் எடுத்தார்கள், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மருத்துவர் நிதானமான பெண்மணி, எதையும் மழுப்பவில்லை. மூளையில் ஒரு கிருமி, அது அநேகமாக எல்லார் உடம்பிலும் சிறுவயதிலிருந்தே சத்தமில்லாமல் உறங்கும் என்றார். தானமாக வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்கத் தாஹர் விழுங்கும் மாத்திரைகள் உடம்பின் காவலையே மயக்கி வைத்திருக்கின்றன. அந்த இடைவெளியில் கிருமி விழித்து, இடப்பக்கத்தை உணரும் மூளைப்பகுதியை அரிக்கிறது. மிக அபூர்வம், ஆனால் நேர்ந்துவிட்டது. இதற்கென்று மருந்து இல்லை. மாத்திரைகளை நிறுத்தினால் காவல் எழுந்து கிருமியை அடக்கலாம். எழுந்த காவல் சிறுநீரகத்தையும் கொன்றுவிடலாம்.

அந்தச் சிறுநீரகம் ஸுஹூருடையது. அது வந்தபின் தாஹர் கல்யாண வீடுகளில் அழ ஆரம்பித்திருந்தான். கேட்டால், "நான் எங்கே அழுறேன், உள்ளே இருக்கிற இவ அழுறா" என்பான்.

கிருமி உடம்பில் எங்கே உறங்கும் என்று ஸுஹூர் கேட்டாள். பெரும்பாலும் சிறுநீரகத்தில் என்றார் மருத்துவர். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அது அவனுக்குள்ளேயே இருந்ததாகவும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றும் சேர்த்தார். யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அவளைக் கொன்றது. வீடு வரும்வரை அவள் கை விலாவின் தழும்பை விட்டு அகலவில்லை.

மாத்திரைகளை நிறுத்தத் தாஹர் மறுத்துவிட்டான். ஃபத்தீஹா அழுதாள், கத்தினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். "அவ உடம்பை அறுத்துக் குடுத்ததை நானே கொல்லணுமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். சில சொற்கள் இப்போது அவனுக்குத் தாமதமாக வந்தன. 'அறுத்து' என்பதற்கு முன் வாய் வெறுமனே அசைந்தது. ஸுஹூர் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலைத் தொழுகை அழைப்பு ஓய்ந்த நேரம் அவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மாத்திரை வலக்கையில். இடக்கை மேசைமேல் யாரோ மறந்து வைத்துப்போன பொருள் போலக் கிடந்தது. அதன் சுண்டுவிரல் மட்டும், அவனுக்குத் தெரியாமலே, மேசைவிரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

ஸுஹூர் சுற்றிக்கொண்டு அவன் வலப்பக்கம் வந்து மண்டியிட்டாள். உள்ளங்கையை அவன் பார்வைக்கு எட்டும் இடத்தில் விரித்து நீட்டினாள்.

"அண்ணா, குடுத்தவ நான்தானே. நானே கேக்கறேன். அந்த மாத்திரையை என் கையிலே போடு."