அழாத சாட்சி

வீரையன் செத்தபோது அவன் அக்கா அம்சம் அழவில்லை. முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சேரி முழுக்க அழுதுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. புதைத்துவிட்டு வந்து எல்லோரும் கலைந்த பிறகு, பக்கத்து வீட்டு ராமாயிதான் அவளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடு புள்ள" என்றாள். அம்சம் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அடுப்புச் சாம்பலை அள்ளினாள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அமிர்தலிங்கம் பண்ணையில் நடந்த சம்பவம் அது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. சேரிக்குள் சங்கக் கொடி ஏறியிருந்தது. அந்தத் தை மாதம் சம்பா அறுவடைக்குக் கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை முடியாது என்று சொல்லி, லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. வீரையன் வரப்பில் போய் நின்று அந்த ஆட்களிடம் பேசினான். நீங்களும் கூலிக்காரர்கள்தான், திரும்பிப் போய்விடுங்கள் என்று நிதானமாகத்தான் சொன்னான். பண்ணைக் காரியக்காரர் சாமிதுரை பின்னாலிருந்து வந்து கடப்பாரையால் அவன் தலையில் அடித்தார்.

தம்பிக்குக் கஞ்சி கொண்டுவந்த அம்சம் அப்போது வாய்க்காலைக் கடந்துகொண்டிருந்தாள். வீரையன் அவள் காலடியில்தான் தண்ணீரில் விழுந்தான். தலையை மடியில் தாங்கிக்கொண்டு, போலீஸ் வரும்வரை அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள். அறுக்க வந்த ஆட்கள் அரிவாளோடு லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். அவளைக் கரையேற்றிய பெண்கள், கையும் காலும் மரக்கட்டைபோல இருந்ததாகச் சொன்னார்கள். குளிரில் அப்படி ஆகும், வெயிலில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள்.

சரியாகவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கினாள். உள்ளங்கை கொப்பளித்ததை அவள் புருஷன் கோவிந்தராசு பார்த்துத்தான் சொன்னான். புல்லறுக்கப் போனவள் விரலை அறுத்துக்கொண்டு, ரத்தம் புல்கட்டில் வழிய வழிய வீட்டுக்கு நடந்து வந்தாள். குழம்பில் உப்பு இல்லாததும் நாக்குக்குத் தெரியவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததைச் சொல்வதில்லை.

கோவிந்தராசு அவளைக் கோடாங்கியிடம் அழைத்துப் போனான். அந்த ஆள் உடுக்கையை அவள் காதருகே வைத்து அடித்து, யார் வந்து இறங்கியிருக்கிறாய் என்று அதட்டிக் கேட்டான். யாரும் இறங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அம்சம் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். நரம்பில் குறை இல்லை, அதிர்ச்சிதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது அப்போதுதான். சங்கச் செயலாளர் இராஜாங்கம் வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். லாரியில் வந்த ஆட்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தது இவள் ஒருத்திதான்.

"வந்தாரு. அடிச்சாரு. விழுந்துட்டான். புடிச்சிக்கிட்டேன்" என்றாள் அம்சம்.

இராஜாங்கம் மறுபடி சொல்லச் சொன்னார். அதே சொற்கள், அதே குரலில் வந்தன. அவர் கோவிந்தராசை வெளியே அழைத்துப் போய், வக்கீலுக்குக் கவலையாக இருக்கிறது என்றார். கூடப்பிறந்தவன் செத்ததை இப்படிச் சொன்னால் நாம் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கிறாள் என்றுதான் கோர்ட்டில் நினைப்பார்கள். ஒரு சொட்டுக் கண்ணீராவது வரவேண்டும்.

முத்துப்பேட்டையிலிருந்து நண்டும் மீனும் வாங்கிக் கூத்தாநல்லூர்த் தெருக்களில் விற்கிறவள் ராமாயி. அங்கே ஹபீபுன்னிசா என்று ஒரு அம்மா இருக்கிறாள் என்று அவள்தான் சொன்னாள். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி ஒருத்தி பழக்கிவிட்ட வைத்தியமாம். ஒரு பெரிய வெண்கலக் கிண்ணத்தை உடம்பில் வைத்து அடிப்பாளாம். அந்த அதிர்வு எலும்புக்குள் போகுமாம். மூட்டு வலிக்காரிகள், தூக்கம் வராதவர்கள், பிள்ளை பெற்ற பிறகு புத்தி தடுமாறினவர்கள் என்று தெருவில் பலரும் போகிறார்களாம்.

கோவிந்தராசு அம்சத்தைப் பஸ்ஸில் கூட்டிப் போனான். அந்த வீட்டை அடைந்ததும் இரண்டு பேரும் சேரிக்காரர்களின் பழக்கப்படி பின்பக்கச் சந்துக்குத் திரும்பினார்கள். சன்னலிலிருந்து பார்த்த ஹபீபுன்னிசா, வாசல் வழியாகவே வரச் சொன்னாள். ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லியான உடம்பு, தலையில் வெள்ளை முக்காடு. கோவிந்தராசு நடந்ததை எல்லாம் சொல்லி, அடுத்த வாரம் தஞ்சாவூர்க் கோர்ட்டு என்பதையும் சொன்னான்.

"அங்க இவ அழணுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் அடிச்சு விடுங்க."

"அழ வைக்க எனக்குத் தெரியாது தம்பி" என்றாள் ஹபீபுன்னிசா. "சில பேரு அழுவாங்க. சில பேரு தூங்குவாங்க. நான் அடிப்பேன், அவ்வளவுதான்."

அம்சத்தைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னாள். முதுகில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். நல்ல கனம். துணி சுற்றிய கட்டையால் விளிம்பில் ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஓசை அடங்கி முற்றிலும் நின்ற பிறகுதான் அடுத்த அடி.

முதல் அடி அம்சத்துக்குக் காதில் மட்டும் கேட்டது. பிறகு ஏதோ முதுகுத் தண்டில் இறங்கியது. விலா எலும்பில் ஓடியது, தாடைக்கு வந்து பல்லில் நின்றது. வாய்க்காலிலிருந்து கரையேறிய நாள் முதல் அவள் உடம்புக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். வலியும் இல்லை, சுகமும் இல்லை. வாசலில் லாரி ஓடும்போது சுவர் அதிருமே, அப்படி ஒன்று உள்ளே நடந்தது. அவள் வீரையனை நினைக்க முயன்றாள். முகம் வரவில்லை. அப்படியே தூங்கிப் போனாள்.

எழுந்தபோது கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. கோவிந்தராசு அவள் கண்ணைப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது.

கோர்ட்டில் பண்ணை வக்கீல் அவளை அதட்டவில்லை. அதுதான் கோவிந்தராசுக்குப் பயமாக இருந்தது. அவர் மரியாதையாகவே கேட்டார். தம்பிமேல் பாசம் உண்டா என்றார். உண்டு என்றாள். செத்த அன்று அழுதீர்களா என்றார். இல்லை என்றாள். பிறகு என்றைக்காவது?

"இல்லீங்க."

"இப்பவாவது அழுகை வருதா?"

 இராஜாங்கம் பெஞ்சில் முன்னால் சாய்ந்தார். கூண்டில் சாமிதுரை வெள்ளை வேட்டியில் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"வரலீங்க" என்றாள் அம்சம். "ஆனா அவருதான் அடிச்சாரு."

சொன்னது முழுக்க உண்மை. கடப்பாரையை எந்தக் கையில் பிடித்தார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று கேட்டதற்கெல்லாம் ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. மாறாமல் சொன்னதையே வக்கீல் எடுத்துக்காட்டினார். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல இருக்கிறது என்றார். தீர்ப்பு பிறகு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்துச் சாமிதுரையை விடுவித்தார்கள்.

 தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பும் வழியில், மன்னார்குடியில் இறங்கி டீ குடித்தபோது, இராஜாங்கம் மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொன்னார். கோவிந்தராசால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"பொய்யாவாச்சும் அழுதிருக்கலாமில்ல அம்சம்?"

"எனக்குத் தெரியல" என்றாள் அவள். அழுவதைப் பற்றிச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று அவனுக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்காமல் வாசலில் போய் உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அவன் அழுதான்.

சில நாள் கழித்து அம்சம் ராமாயியோடு தனியாகக் கூத்தாநல்லூருக்குப் போனாள். தீர்ப்பைப் பற்றி ஹபீபுன்னிசாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் பாயை விரித்தாள். முன்போலவே அடித்தாள். முன்போலவே அதிர்வு எலும்பில் ஓடியது. இந்தத் தடவை அம்சம் தூங்கவில்லை. முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்காமலே ஒரு பேச்சுப் பேசினாள்.

"உங்களுக்கு யாரும்மா அடிச்சு விடுவாங்க?"

ஹபீபுன்னிசா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. இங்கே வந்த பிறகு யாரும் அடித்ததில்லை என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கப்பலேறும்போது அவள் மகன் அஹமது கபீரை ஏற விடவில்லை. தாளில் ஏதோ சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் உம்மா என்று கரையிலிருந்து சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"படுங்க" என்றாள் அம்சம்.

ஹபீபுன்னிசா சிரிக்கப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாயில் குப்புறப் படுத்தாள். அம்சம் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அவள் முதுகில் வைத்தாள். விரலில் பிடிப்பு தெரியாததால், கட்டை நழுவாமல் இருக்க அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடித்தாள். முதல் அடி கோணலாக விழுந்தது. இரண்டாவது சரியாக வந்தது. ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள். நாலைந்து அடிக்குப் பிறகு ஹபீபுன்னிசாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கிண்ணம் சரியாமல் அம்சம் அதன் விளிம்பை ஒரு கையால் தாங்கினாள். தொட்டதும் ஓசை செத்துவிட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். அழுகிறவளைப் பார்த்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஆனால் நிறுத்தக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஹபீபுன்னிசா எழுந்து முகம் கழுவித் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்றாள். அடுப்படியிலேயே எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ராமாயி கொடுத்துவிட்டுப் போன கெளுத்தி மீனில் வைத்த குழம்பு. அம்சம் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"புளி தூக்கலா இருக்கும்மா" என்றாள்.

"அப்படியா?" என்று ஹபீபுன்னிசா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஆமா புள்ள."

அடுத்த சம்பாவுக்கு அந்த அரை மரக்கால் நெல் கிடைத்தது. சாமிதுரை பழையபடி களத்துமேட்டில் குடைபிடித்து நின்றார். அம்சம் அந்தப் பண்ணைக்கு அறுக்கப் போகவில்லை. காலில் உணர்வு மெதுவாகத் திரும்பியது, விரல்களில் பாதிதான் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவையாவது கூத்தாநல்லூருக்குப் போனாள். ஹபீபுன்னிசாவுக்கு மணிக்கட்டு வலிக்கிற நாட்களில், வந்திருக்கும் பெண்களுக்கு அவளே கிண்ணத்தை எடுத்து வைத்து அடித்தாள்.