காலிப் பெட்டியின் எடை

அப்பாவின் கம்பெனி சார்பில் வைசாகே திமிங்கலப் பல்லை இரண்டு கைகளிலும் ஏந்தி, பாயின் மேல் முழங்காலால் நகர்ந்து வந்தபோது மெரெசேய்னி எழுந்து நின்றாள். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் தரையில் இருக்க, ஒருத்தி நிற்பது அவமரியாதை. தெரிந்தேதான் நின்றாள்.

“உட்காருடி.” அம்மா குனிந்த தலை நிமிராமல் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

பெரியப்பா இசிகேலி கை நீட்டி வாங்கிவிட்டால் முடிந்தது கதை. ஊர் வழக்கப்படி, பல்லை வாங்கிய வீடு கொடுத்தவர்கள் மேல் அப்புறம் வாய் திறக்க முடியாது.

“வைசாகே மாமா, ஒரு நிமிஷம். இது எந்தப் பல்லு? துக்கத்துக்கா, மன்னிப்புக் கேக்கறதுக்கா?”

“துக்கத்துக்குத்தாம்மா. வேறென்ன?”

“அப்போ மன்னிப்புப் பல்லு எப்போ வரும்?”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சாக்ஸ் காலோடு சம்மணமிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த கம்பெனி மேனேஜர், மொழி புரியாமல் இருமியவரைப் பார்த்துச் சிரித்தார்.

கப்பல் கம்பெனியின் மூன்றாம் மாடியில் பதினொரு கம்ப்யூட்டர் சர்வர் பெட்டிகள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அப்பா சவேனாகா. ஆறு வாரமாக ஒவ்வொன்றின் உள்ளே இருப்பதையும் நகலெடுத்து, ஒரே புது இயந்திரத்துக்குள் மெய்நிகர் சர்வர்களாகக் குடியேற்றினார். ‘பழசை முப்பது நாள் விட்டு வையுங்கள். புதுசு மக்கர் செய்தால் வேண்டியிருக்கும்’ என்று எழுதியும் கொடுத்தார். மேனேஜருக்கு அந்த அறை மீட்டிங் ஹாலாக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். உதவிக்கிருந்த ஆளைப் போன மாதமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. லிஃப்ட் ஓடவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் காலியான பிறகும் பெட்டி ஒரு கிராம் குறைவதில்லை. நான்காவது பெட்டியோடு இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் மெரெசேய்னி வாங்கப் போன அன்று, பெட்டி இன்னும் படியிலேயே கிடந்தது. பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர். அதில் ஒரு பெட்டி, முனைக்கு ஒருவராகத் தூக்கும் இரண்டு பேர். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும் படம். அப்பா இறந்ததைப் பற்றிய கம்பெனி அறிக்கையில் அதெல்லாம் இல்லை. ‘யாரும் சொல்லாமல் தானாகவே தூக்கினார்’ என்று மட்டும் இருந்தது.

“அந்த அறிக்கையில கையெழுத்து உங்களுதுதானே மாமா?”

வைசாகேயின் கண் பாயை விட்டு ஏறவில்லை. “போடச் சொன்னாங்கம்மா.”

“வெள்ளிக்கிழமையானா இங்க வந்து எங்கப்பாகூட ஒரே கிண்ணத்துல கவா குடிச்சீங்களே, அதுவும் அவங்க சொல்லித்தானா?”

“நாலு எழுத்துப் படிச்சிட்டா பெரியவங்க சபையில வாய் இவ்வளவு நீளுமா?” என்றாள் அத்தை.

“படிச்சதாலதான் அத்தை அந்தக் காகிதத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சது. இல்லேன்னா இந்நேரம் எல்லாரும் வழக்கப்படி கை தட்டி வாங்கியிருப்போம்.” அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. “மாமா, தனியா தூக்க வெச்சது தப்புன்னு சொல்லுங்க. சொல்லிட்டுக் குடுங்க. பெரியப்பா வாங்குவாரு. நானும் உட்காந்துடறேன்.”

பல்லில் கட்டிய கயிறு வைசாகேயின் மணிக்கட்டுக்குக் கீழே ஆடியது. பாதி தூரம் நீண்டிருந்த பெரியப்பாவின் கை மெல்லத் திரும்பி, முழங்கால் மேல் போய் உட்கார்ந்தது.

அம்மா பாவாடை ஓரத்தை விட்டுவிட்டாள்.

வைசாகே திரும்பி மேனேஜரைப் பார்த்தார். அடுத்தது என்ன என்று கேட்பதாக நினைத்துக்கொண்ட மேனேஜர், வாசலில் நின்ற கம்பெனி வேனைப் பார்த்துக் கையசைத்தார்.

மலர்வளையத்தை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக, இரண்டு பேர்.

“பாத்து... படி இருக்கு,” என்றான் ஒருவன்.