டட்லிக்குக் காது கேட்காது

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே மலையில் வெடிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. கொலராடோவில் அரசுக் காடு எல்லோருக்கும் சொந்தம். நாயோடு வருபவனுக்கும் சொந்தம், துப்பாக்கியோடு வருபவனுக்கும் சொந்தம். யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ காடு அவர்கள் பக்கம் போய்விடும், அவ்வளவுதான். பழைய டிவி, துருப்பிடித்த ஃப்ரிட்ஜ் என்று எதையாவது கொண்டுவந்து மண்மேட்டில் சாய்த்துச் சுடுவார்கள். குண்டு பட்டுப் பட்டே இடுப்பொடிந்து விழுந்த பைன் மரங்கள் அங்கே ஏராளம்.

வெர்லின் ஹாஸ்கெல் வண்டியை நிறுத்திவிட்டு சுடுபவர்கள் கண்ணில் படும்படியான ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டார். தன் நாய் டட்லிக்கும் ஒன்று மாட்டினார். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு ஏழெட்டு வண்டி நிற்கும். நாய்கள் ஓடிப் பிடித்து விளையாட, மனிதர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்கள். அவர்களில் ஒருத்தியான லோர்னாவின் நாய் வெடிக்குப் பயந்து ஓடி, இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அன்றோடு அவள் ஊருக்குள் இருக்கும் பூங்காவுக்கு மாறிவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"நீங்களும் வந்துடுங்க வெர்லின். அங்க தனியா என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"என் பயலுக்குத்தான் காது போயிடுச்சே, அவனுக்கென்ன பயம்!"

வீம்புக்குச் சொன்ன பேச்சு. கிழவருக்கு அதை விழுங்கத் தெரியவில்லை. மனைவி ஈவா போய்ச் சேர்ந்து மூன்று வருடம். வாரம் முழுக்க அவர் பேசுவதெல்லாம் டட்லியோடுதான்; அதற்கும் இப்போது கேட்பதில்லை.

பாதி வழியில் ஒரு அணில் குறுக்கே ஓடியது. டட்லி அதைத் துரத்திக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைந்தது, வெடிச் சத்தம் வந்த பக்கமாகவே. "டட்லி!" என்று கத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூச்சு வாங்க மேடேறினார். கீழே நான்கு பேர் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். டட்லி ஓரத்துப் புதரை மோந்தபடி ஃப்ரிட்ஜை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! நாய் இருக்கு!"

நான்கு பேர் காதிலும் சத்தம் புகாத பெரிய மூடிகள். நாய்க்கும் கேட்காது, இவர்களுக்கும் கேட்காது. இத்தனை தனியாக அவர் என்றுமே இருந்ததில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு துப்பாக்கிகளுக்கு முன்னால் இறங்கினார்.

சுடுவது நின்றது. ஒரு பெண் காதுமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"யோவ் பெரியவரே, சாகணும்னா வேற இடம் கிடைக்கலையா? ஒரு நொடி தப்பியிருந்தா நான்தானே ஜெயிலுக்குப் போகணும்!"

வெர்லின் டட்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டட்டும், இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்றிருந்தது.

அவள் குரல் இறங்கியது. "அடிகிடி படலையே? வீட்ல யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போவாங்களா?"

அவர் டட்லியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து டட்லியின் கழுத்துப்பட்டையைத் திருப்பினாள். "இதோ நம்பர் இருக்கு. இருங்க, உங்க வீட்டு ஆளுங்ககிட்ட நானே பேசுறேன்."

வெர்லினின் சட்டைப்பையில் மணி அடித்தது.

அவள் காதில் போனை வைத்தபடி அவரையே பார்த்தாள். அவர் போன் அடித்துப் பதினொரு நாளாகியிருந்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ," என்றார். "டட்லி வீடுதான். சொல்லுங்க."