குளவிப் பெட்டி

சுப்பிரமணியம் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படியேறினான். வெளியே மழை அடித்து ஊற்றியது. போட்டிருந்த மழைச்சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு அவன் தொப்பலாக நனைந்து வந்திருந்தான். கைப்பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இருக்கிறது என்று அம்சவல்லி நினைத்தாள். நினைத்ததோடு சரி, சிரிப்பு வரவில்லை. அவள் புருஷன் நல்லுசாமி செத்துப்போய் மறுநாளோடு ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமாகவே அவளுக்கு எல்லாம் அப்படித்தான். கண்ணில் படுவது மனசுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கோ வழியில் நின்றுவிடும். மலையில் கை தானாகக் கொழுந்து கிள்ளும், கூடை நிறையும், நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டால்தான் தன் பேர் அது என்று ஞாபகம் வரும்.

"இன்னிக்கு விட முடியாதுக்கா. மழையில எல்லாம் செத்துரும். நாளைக்கு வெயில் வந்ததும் வரேன். அது வரைக்கும் வெயில் படாம, ஈரம் படாம, மருந்து நெடி அண்டாம வச்சிருந்தாப் போதும்லா" என்றான் சுப்பிரமணியம். விவசாய இலாகாவில் புதிதாகச் சேர்ந்த ஈப்போக்காரன் அவன். லயத்து ஆட்களிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவான்.

மரச்சட்டத்தில் வலைத்துணி கட்டிய பெட்டி. உள்ளே வாடிய முட்டைக்கோஸ் இலைகளில் அரிசிக் குருணை போலக் கூடுகள் ஒட்டிக்கிடந்தன. சில கூடுகள் உடைந்து, வெளியே வந்த குளவிகள் துணியில் ஊர்ந்துகொண்டிருந்தன. எறும்புக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தன. அதைக் குளவி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த ஜாதி, தானா ராத்தா ஊரில் கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்துப் பெருக்கியது என்று அவன் சொல்லியிருந்தான். லயத்தார் கோபிஸ் என்று சொல்லும் முட்டைக்கோஸைச் சல்லடையாக்குகிற பச்சைப் புழுவைத் தேடிப் போய்க் குத்தி, அதன் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்குமாம். புழு நடமாடும், தின்னும், ஆனால் உள்ளே அதன் கதை முடிந்திருக்கும். இதை அவன் சொன்ன அன்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அம்சவல்லி மட்டும் தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் கொட்டகையில் நடந்த கூட்டம் அது. ஆற்றோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மருந்து அடிக்காத ஒரு துண்டு நிலம் வேண்டும், அடித்தால் புழுவுக்கு முன்னால் குளவிதான் சாகும் என்று சுப்பிரமணியம் கேட்டுப் பார்த்தான். அமெரிக்காவில் ஆண் பூச்சிகளை மலடாக்கி விடுகிறார்கள், இன்னும் கொஞ்ச காலம் போனால் பூச்சியின் கருவையே திருத்தி, பூச்சியை வைத்தே பூச்சியை ஒழிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் எடுத்துச் சொன்னான். நல்லுசாமியின் சித்தப்பா மகன் இருளப்பன் எழுந்து, "பூச்சிக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபீஸ் தொறந்தாச்சா தம்பி?" என்று கேட்டதில் கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அம்சவல்லிதான் சொன்னாள், எங்க நிலத்துல விடுங்க என்று.

அவள் குளவியை நம்பியா சொன்னாள்? இல்லை. வீட்டுக் கொல்லையில் ஆணியில் தொங்கிய, மருந்தடிக்கிற முதுகுப் பம்பை நினைத்துச் சொன்னாள். டீ ஃபேக்டரி வேலை முடிந்ததும் நல்லுசாமி அதை மாட்டிக்கொண்டு போவான். ஒரு மருந்துக்கு அடங்காத புழுவுக்கு இரண்டைக் கலப்பான், இரண்டுக்கும் அடங்காவிட்டால் மூன்றாவதையும் ஊற்றுவான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு நாள் பம்பில் விரிசல் விட்டுக் கசிந்தது. இன்னும் ரெண்டு வரிசைதானே என்று முதுகுக்கு ஒரு சாக்கைக் கொடுத்துக்கொண்டு அடித்து முடித்தான். வீட்டுக்கு வந்து, வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்தான். வாயில் நுரை வந்த பிறகுதான் லோரி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அதே லோரியில் அவன் உடம்பு பின்னால் கிடக்க, அவள் முன்னால் உட்கார்ந்து வந்தாள்.

காரியம் முடிந்ததும் மகன் காளிமுத்து அந்தப் பம்பை எடுத்துத் விரிசலை அடைத்து மாட்டிக்கொண்டான். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா விரிசலைப் பாக்கல, நான் பாத்துட்டேன் என்பான். குளவி வருகிறது என்றதும் அரை மனசாக ஒத்துக்கொண்டான். "சரிம்மா, இந்த ஒரு கோபிஸ் வெட்டுற வரைக்கும் பாப்போம். உன் குளவி புழுவை அடக்கிட்டா பம்பை வித்துடுறேன். இல்லன்னா மறுபேச்சுப் பேசக் கூடாது." அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருந்தாள்.

அடுப்படியில் பல்லியும் கட்டெறும்பும் உண்டு என்று பெட்டியை முன்னறையில், நல்லுசாமியின் படத்துக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள்.

தலைத்திவசத்துக்கு நாத்தனார் வடிவம்மாள் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தாள். திதி மறுநாள், படையல் முதல் நாள் சாயங்காலம். அது அவர்கள் வீட்டு வழக்கம். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், அவன் பிடிக்கிற சிகரெட். எல்லாம் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாயிற்று. மழைக்காக ஜன்னல் சாத்திக் கிடந்தது. தூபக்காலில் தணலை நிரப்பி, சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டாள் வடிவம்மாள். "நல்லாப் போடணும். உயிரோட இருந்தப்பவே கூப்பிட்ட குரலுக்கு வந்தவனில்ல அவன்." படையல் வைத்தால் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். ஆள் பார்க்காமல் இருந்தால்தான் இறந்தவர் வந்து சாப்பிடுவார்.

வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் குளிருக்கு ஒடுங்கி நின்றார்கள். கதவிடுக்கில் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. இருளப்பன்தான் வாய் சும்மா இருக்காமல், "உள்ள நம்ம அண்ணனும் கவர்மெண்ட் குளவியும் தனியா இருக்காங்க. மூச்சு முட்டப் போவுது" என்றான்.

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அம்சவல்லிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து, வழக்கம்போல எங்கோ நின்று, பிறகு மெல்ல வந்து சேர்ந்தது. வெயில், ஈரம், மருந்து நெடி. புகையைச் சுப்பிரமணியம் சொல்லவில்லை. சாம்பிராணியைக் கெடுதல் என்று யார்தான் நினைப்பார்கள்? அவள் போய்க் கதவில் கை வைத்தாள். வடிவம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்காத. பாதியில தொறந்தா பசியோட திரும்பிப் போயிருவான். அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"தெரியும் மதினி."

"புருஷனைவிடப் பூச்சி பெருசாப் போச்சா உனக்கு?"

"அவருக்கு இனிமே என்ன மதினி. எம் புள்ள இருக்கணும்."

கதவைத் தள்ளினாள். புகை முகத்தில் மோதியது. தட்டுத் தடுமாறிப் பெட்டியை எடுத்து வந்து அஞ்சடிச் சிமெண்டில் வைத்தாள். பின்னால் வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எள்ளைக் கொட்டினாற்போலப் பெட்டியின் அடியில் குளவிகள் கிடந்தன. காளிமுத்து குனிந்து பார்த்தான், விரலால் சட்டத்தைத் தட்டினான். எதுவும் அசையவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் பம்பின் கைப்பிடியை ஏற்றி இறக்கிச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. அம்சவல்லி தனக்கு அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இலையில் ஈ மொய்க்காமல் மூடி வைக்கப் போனாள்.

காலையில் சுப்பிரமணியம் வந்து பெட்டியைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. உடையாத கூடுகள் இருந்த இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தான். கூட்டுக்குள் இருப்பதற்குப் புகை எட்டியிருக்காது, எட்டியும் இருக்கலாம், தனக்கே தெரியவில்லை என்றான்.

ஆற்றோரத்துக்கு இறங்கினார்கள். காளிமுத்து பம்பை மாட்டிக்கொண்டே வந்தான். மருந்து கலந்து நிரப்பியிருந்தான். நடக்கும்போது முதுகில் அது குலுங்குவது பின்னால் வந்த அவளுக்குக் கேட்டது. இலைகளை முட்டைக்கோஸ் மடிப்புகளுக்குள் செருகி வைத்தார்கள். வெயில் வரப்பைத் தாண்டும் வரைக்கும்தான் நிற்பேன் என்றான் காளிமுத்து. மூன்று பேரும் குந்தி உட்கார்ந்தார்கள். கூடுகள் அப்படியே இருந்தன. வெயில் வரப்பில் ஏறியது.

ஒரு கூடு ஓரத்தில் கறுத்தது. பிறகு பிளந்தது. நனைந்த நூல் போல ஒன்று வெளியே வந்து, இலை விளிம்புக்கு நடந்து, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றது. காளிமுத்து கையை நீட்டினான். அது அவன் நகத்தில் ஏறிச் சிறகை விரிக்கத் தெரியாமல் விரித்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். முதுகிலிருந்த பம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, சரிசெய்யவில்லை.

மேல் வரிசையில் இருளப்பன் தன் நிலத்துக்கு மருந்து அடிக்கத் தொடங்கியிருந்தான். உங்க குளவிக்காக என் கோபிஸ் காத்திருக்காது அண்ணி என்று முன்பே சொன்னவன்தான். "காத்து கீழ வருது, தள்ளிக்குங்க" என்று அங்கிருந்து சத்தம் கொடுத்தான். வெள்ளையாக மருந்துத் தூறல் சரிவில் தாழ்ந்து வந்தது.

சுப்பிரமணியம் எழுந்துவிட்டான். காளிமுத்து எழவில்லை, நீட்டிய கையை நீட்டியபடியே இருந்தான். அம்சவல்லி பனி ஈரத்துக்கு இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் சீட்டை அவிழ்த்து, காற்று வந்த பக்கம் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து அதைப் பிடித்தாள். சீட்டு படபடவென்று அடித்துக்கொண்டு அவள் மேல் ஒட்டியது. அதன் மறுபக்கத்தில் துளிகள் விழத் தொடங்கின.